உங்க நாய், பூனைக்கு நிஜமாவே சிக்ஸ்த் சென்ஸ் இருக்கா? வீட்டுலயே டெஸ்ட் பண்றது எப்படி

எங்க வீட்டு நாய் கருப்பன் நான் வேலை முடிஞ்சு வர்றதுக்கு பத்து நிமிஷம் முன்னாடியே எந்திரிச்சுப் போய் கதவுகிட்ட உக்காந்துடுவான்னு அம்மா ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தாங்க, நானும் அதை பாக்குறவன்கிட்டல்லாம் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒருநாள் ஃப்ரெண்ட் ஒருத்தன் "கதை விடாத, வீடியோ இருக்கா"ன்னு கேட்டான். ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. ஒரு மாசம் உக்காந்து டெஸ்ட் பண்ணேன், பாதி நாள் தப்புத்தப்பா பண்ணேன். அந்த தப்பெல்லாம் நீங்களும் பண்ண வேணாம்னுதான் இது.

முதல்ல ஒரு பேர் குழப்பம். தமிழ்ல ஆறாவது அறிவுன்னா மனுஷனோட பகுத்தறிவு, அந்தக் கணக்குல நாய் பூனையெல்லாம் அஞ்சறிவு ஜீவன், மேட்டர் அங்கயே முடிஞ்சிருச்சு. நான் கேக்குறது வேற. பாக்காம, கேக்காம, மோப்பம் பிடிக்காம ஒரு விஷயம் அதுக்குத் தெரியுதா, அவ்ளோதான்.

இதை டெஸ்ட் பண்ணணும்னா மொதல்ல இருக்குற அஞ்சையும் கழிக்கணும், அங்கதான் எல்லாரும் சறுக்குறோம், ஏன்னா அதுங்களோட அஞ்சு நம்ம அஞ்சு கிடையாது. சத்தம் எவ்ளோ கீச்சுன்னு ஹெர்ட்ஸ்ல அளப்பாங்க, நம்ம காது 20,000 ஹெர்ட்ஸோட நின்னுடும், அதுவும் வயசாக ஆக குறைஞ்சுட்டே வரும். நாய்க்கு 45,000 வரைக்கும் போகும், பூனைக்கு 60,000 தாண்டியும் கேக்கும். யானை இன்னொரு பக்கம், நமக்குக் கேக்கவே கேக்காத அளவுக்கு கீழ் சத்தத்துல கிலோமீட்டர் கணக்குல தள்ளி நிக்கிற கூட்டத்தோட பேசிக்கும். மோப்பம் பத்தி சொல்லவே வேணாம். அதனால "சத்தமே இல்லையே, எப்படி எந்திரிச்சான்"னு நீங்க கேட்டா, சத்தம் இல்லைன்னு உங்க காது சொல்லுது, அவ்ளோதான் அர்த்தம்.

வௌவால் கதை தெரியுமா? 1790கள்ல ஸ்பல்லன்சானின்னு ஒரு இத்தாலி விஞ்ஞானி, கண்ணு தெரியாம பண்ணாலும் வௌவால் எதுலயும் முட்டாம பறக்குதேன்னு பாத்துட்டு இதுக்கு வேற ஏதோ ஒரு புது புலன் இருக்கணும்னு சந்தேகப்பட்டார். அப்புறம் ஜூரின்னு ஒருத்தர் அதோட காதை அடைச்சார், உடனே தட்டுத்தடுமாறி முட்ட ஆரம்பிச்சிருச்சு. ஆனா காதால எப்படி வழி தெரியும்னு யாருக்கும் புரியல, நம்பவும் இல்ல. 1938ல கிரிஃபின்னு ஒரு ஸ்டூடன்ட், அல்ட்ராசவுண்ட், அதாவது நமக்குக் கேக்காத கீச்சு சத்தம், பிடிக்கிற மெஷின் முன்னாடி வௌவாலைக் கொண்டு போனப்பதான் அது ஓயாம கத்திட்டே இருக்குறது தெரிஞ்சுது. அந்தக் கத்தல் எதுலயாவது பட்டுத் திரும்பி வர்றதைக் கேட்டுதான் அது வழி கண்டுபிடிக்குது. நூத்தி நாப்பது வருஷமா புரியாத புதிரா இருந்தது கடைசில வெறும் காது! சுறா இரையோட உடம்புல இருந்து வர்ற கரன்ட்டை உணருது, சில பாம்பு இருட்டுல சூட்டை வச்சே எலியைப் பிடிக்குது, பறவை பூமியோட காந்தத்தை வச்சு திசை கண்டுபிடிக்குது. இதெல்லாம் நம்மகிட்ட இல்லாத நிஜமான புலன்தான், ஆனா இதுல எதுவும் மேஜிக் கிடையாது.

சரி, டெஸ்ட்டுக்கு வருவோம். ஒரு பழைய போன் போதும். உங்க செல்லம் வழக்கமா படுக்குற இடமும் கதவும் ஒரே ஃப்ரேம்ல தெரியுற மாதிரி வச்சு, ஸ்க்ரீன்ல டைம் ஓடுற மாதிரி ரெக்கார்ட் பண்ணுங்க. கண்ணால பாத்து ஞாபகம் வச்சுக்கிறது வேலைக்கே ஆகாது, ஏன்னா சரியா நடந்த நாள் மட்டும்தான் மனசுல நிக்கும், சும்மா போய் உக்காந்துட்டு திரும்பி வந்து படுத்த நாளை யாரும் ஞாபகம் வச்சுக்கிறது இல்ல.

ரெக்கார்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரூல் எழுதிடுங்க, இது ரொம்ப முக்கியம். "கதவுகிட்ட போய் ரெண்டு நிமிஷமாவது இருந்தா கணக்கு, நான் கிளம்புன நேரத்துல இருந்து பத்து நிமிஷத்துக்குள்ள இருந்தா சரி, இல்லன்னா தப்பு" இந்த மாதிரி. ஏன் சொல்றேன்னா இங்கிலாந்துல ஜேட்டின்னு ஒரு நாய், அதை வச்சு 1990கள்ல பெரிய சண்டையே நடந்துச்சு. ஷெல்ட்ரேக்னு ஒரு உயிரியல்காரர் அதுக்கு ஓனர் வர்றது முன்னாடியே தெரியுதுன்னார், வைஸ்மேன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் நாலு தடவை டெஸ்ட் பண்ணிட்டு 1998ல தெரியலன்னு எழுதினார். கூத்து என்னன்னா, வைஸ்மேன் எடுத்த வீடியோவையே வச்சு ஷெல்ட்ரேக் "பாத்தீங்களா, நான் சொன்னதுதான் சரி"ன்னார். வைஸ்மேன் நாய் காரணமே இல்லாம மொதல் தடவை ஜன்னல்கிட்ட எப்ப போச்சுன்னு பாத்தார், ஷெல்ட்ரேக் மொத்தமா எவ்ளோ நேரம் அங்க இருந்துச்சுன்னு பாத்தார். ரூலை முதல்லயே பேசி வச்சுக்கலன்னா உங்க வீட்டுலயும் இதே சண்டைதான்.

அடுத்து நீங்க வர்ற நேரத்தை நீங்களே முடிவு பண்ணக்கூடாது. சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்க, ஒருநாள் அஞ்சரை, ஒருநாள் எட்டு, சில சீட்டுல "இன்னைக்கு லேட் நைட்"னு இருக்கட்டும். அந்த லேட் நைட் சீட்டை விட்டுடாதீங்க, நீங்க வராத நேரத்துல அது எத்தனை தடவை கதவுகிட்ட போகுதுன்னு தெரிஞ்சாதான் வர்ற நேரத்துல போனதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கு. வண்டியையும் மாத்துங்க, உங்க பைக்ல ஒருநாள், அது கேட்டே இருக்காத யாரோட கார்லயாவது ஒருநாள், நடந்து ஒருநாள்.

வீட்டுல இருக்குறவங்களுக்கு நீங்க எப்ப வருவீங்கன்னு தெரியவே கூடாது. "கிளம்பிட்டேன்"னு மெசேஜ் போட்டா அன்னைக்கு டெஸ்ட் காலி. இதுக்கு ஹான்ஸ்ங்கிற குதிரையைச் சொல்லணும். பெர்லின்ல கணக்கு கேட்டா குளம்பால தட்டி பதில் சொல்லும், 1904ல ஒரு கமிட்டியே வந்து பாத்துட்டு இதுல ஏமாத்து வேலை எதுவும் இல்லன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஃபுங்ஸ்ட்னு ஒருத்தர் பொறுமையா உக்காந்து கண்டுபிடிச்சார், 1907ல புக்காவும் வந்துச்சு. கேக்குறவருக்கே பதில் தெரியலன்னா குதிரைக்கும் தெரியாது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேள்வி கேட்டவர் தன்னையறியாம தலையை துளியூண்டு அசைப்பார், குதிரை அதைப் பாத்து நிறுத்திடும். இது தெரிஞ்ச பிறகும் ஃபுங்ஸ்டாலயே அந்த அசைவை அடக்க முடியலையாம். உங்க வீட்டு ஆளு எம்மாத்திரம்.

இப்ப கருப்பன் ரிசல்ட். மொத வாரம் நான் எப்பவும் போல ஆறரைக்கு வந்தேன், தினமும் ஆறு இருபதுக்கு டான்னு கதவுகிட்ட. சரி ஜெயிச்சாச்சுன்னு நெனச்சேன். ரெண்டாவது வாரம் சீட்டு குலுக்குனேன், அப்பவும் அதே ஆறு இருபது, நான் எட்டு மணிக்கு வந்த நாள் உட்பட! வீடியோவை ஒரு நாலஞ்சு தடவை ஓட்டிப் பாத்த பிறகுதான் பிடிபட்டுச்சு. அம்மா இருட்டுற நேரத்துல வாசல் லைட் போடுவாங்க, அந்த ஸ்விட்ச் 'டக்'குனு ஒரு சத்தம். கருப்பன் கண்ணை மூடித்தான் படுத்திருக்கான், டக் கேட்டதும் வலது காது மட்டும் மெதுவா திரும்புது, ரெண்டு செகண்ட் கழிச்சு தலை தூக்குறான், முன்னங்காலை நீட்டி ஒரு சோம்பல், அப்புறம் டைல்ஸ்ல நகம் டிக்டிக்னு கேக்க நடந்து போய் உக்காந்துட்டான். அவனைப் பொறுத்தவரை லைட் போட்டா நான் வருவேன். அம்மா வெளிய போயிருந்த மூணு நாளும் லைட் போட ஆளில்ல, தூங்கிட்டே இருந்தான், நான் வர்றதுக்கு அரை நிமிஷம் முன்னாடிதான் காதைத் தூக்கினான், அந்த நேரத்துல ரெக்கார்டிங்ல பைக் சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல. ஃப்ரெண்ட் கார்ல இறங்குன நாள் கேட்டைத் தொடுற வரைக்கும் சார் அசையவே இல்ல.

ஒரே ஒரு நாள், கார்ல வந்தேன், வீட்டுல யாருக்கும் தெரியாது, லைட்டும் போடல, சரியா நான் கிளம்பின நேரத்துல எந்திரிச்சுப் போய் உக்காந்திருக்கான். உடம்பு சிலிர்த்துருச்சுங்க. ஆனா லேட் நைட் சீட்டு விழுந்த நாட்கள்லயும் மூணு தடவை அதே மாதிரி சும்மா போய் உக்காந்திருக்கான். அம்மா இன்னைக்கு வரைக்கும் அந்த ஒரு நாளைத்தான் சொல்லிட்டு இருக்காங்க.

பூகம்பம் வர்றதுக்கு முன்னாடி நாய் கத்துச்சு மாதிரி விஷயத்தை சீட்டு குலுக்கி டெஸ்ட் பண்ண முடியாது. சில செகண்ட் முன்னாடின்னா அதுல ஆச்சரியம் இல்ல, பூகம்பத்துல முதல் அலை ஒண்ணு வேகமா வரும், நமக்குப் பெருசா தெரியாது, ஆட்டிப் படைக்கிறது பின்னாடி வர்றது. 60 கிலோமீட்டர் தள்ளி நடந்தா ரெண்டுக்கும் நடுவுல ஏழெட்டு செகண்ட் கிடைக்கும், அந்த மொத அலை நாய்க்குத் தெரிஞ்சிருக்கும். நாள் கணக்குல முன்னாடின்னா பெரும்பாலும் நடந்து முடிஞ்சப்புறம் யோசிச்சுச் சொல்றதுதான். உங்களுக்கு ஆர்வம் இருந்தா ஒரு நோட்டுல, அது வித்தியாசமா பண்ற அன்னைக்கே தேதி நேரத்தோட எழுதுங்க, எதுவுமே நடக்காத நாளையும் சேத்து.

கடைசியா ஒண்ணு, இதுக்குத்தான் நோட்டு நிஜமா உதவும். வயசான பூனை திடீர்னு ராத்திரில சுவரைப் பாத்துக் கத்துது, நாய் வெறும் மூலையை முறைக்குதுன்னா ஆவி தெரியுதுன்னு ரீல்ஸ் போடாதீங்க. பிரஷர், கண் பார்வை, காது, வயசான மறதி, ஏதாவது வலின்னு எதுவா வேணா இருக்கலாம். வீடியோவையும் நோட்டையும் எடுத்துட்டு வெட் டாக்டர்கிட்ட போங்க, எப்ப ஆரம்பிச்சுது, ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னுதான் அவர் மொதல்ல கேப்பார்.