சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனை வீட்டில் பராமரிப்பது எப்படி

மின்சாரம் இல்லாமல் ஸ்பிரிங்கின் விசையால் மட்டுமே ஓடும் பழைய கிராமபோன்கள் இன்னும் சில வீடுகளில் பரண்மேல் இருக்கின்றன. அவற்றுள் அடிக்கடி கண்ணில் படுவது, பெட்டிபோல மூடிக் கையில் தூக்கிச் செல்லக்கூடிய எச்.எம்.வி. 102 என்னும் வகை. 1931இல் அறிமுகமான இந்த வகையை மனத்தில் வைத்தே இக்குறிப்புகளை எழுதுகிறேன். மற்ற வகைகளுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இந்த இயந்திரம் உறுதியானது; அளவாக எண்ணெய் கிடைத்தால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். தேய்ந்து அழிவது இசைத்தட்டுதான், அதை மறுபடி அச்சிட இன்று யாரும் இல்லை. ஆகவே கிராமபோனுக்கு நாம் செய்யும் ஒவ்வொரு வேலையையும் தட்டின் வரிப்பள்ளத்தைக் காக்கும் வேலையாகக் கருதிச் செய்ய வேண்டும்.

அந்த வகையில் முதலில் கவனிக்க வேண்டியது ஊசி. எஃகு ஊசி ஒன்று தட்டின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே உரியது. அந்தப் பக்கம் முடிந்ததும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிய ஊசியைப் பொருத்த வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் 78 சுற்றுத் தட்டு, அரக்குடன் கல்தூள் போன்ற கடினமான பொருள்களைக் கலந்து அச்சிடப்பட்டது. தட்டு சுழலத் தொடங்கியதும் அந்தத் தூள் ஊசிமுனையைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்கு இணங்கச் செய்கிறது. நூறு கிராமுக்கும் மேற்பட்ட எடை அந்தச் சிறு முனையில் அழுத்தும்போதும் தட்டு தாக்குப்பிடிப்பது, தட்டுக்குப் பதிலாக ஊசி தேய்ந்து கொடுப்பதால்தான். ஆனால் மூன்று நிமிடம் ஓடி முடிந்த ஊசியின் முனையில் உளிபோன்ற கூரிய விளிம்புகள் உண்டாகியிருக்கும். அதே ஊசியை அடுத்த பக்கத்தில் வைத்தால், அந்த விளிம்புகள் பள்ளத்தின் சுவர்களைச் செதுக்கிவிடும். பழைய தட்டுகளில் உரத்த இடங்கள் வரும்போது கேட்கும் கரகரப்புக்குப் பெரும்பாலும் இப்படித் தேய்ந்த ஊசிகளே காரணம்.

ஓசையின் அளவைப் பொறுத்து ஊசிகள் மென்மை, நடுத்தரம், உரத்தது என வகைப்படும். மெல்லிய ஊசி குறைந்த ஓசையையும் தடித்த ஊசி மிகுந்த ஓசையையும் தரும். வீட்டு அறைக்கு நடுத்தர ஊசியே போதும். புதிதாகச் செய்த ஊசிகள் இன்றும் இணையவழியில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. பழைய தகர டப்பாவில் கிடைக்கும் ஊசிகளை வாங்கினால், துரு ஏறியவற்றையும் முனை மழுங்கியவற்றையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும், ஏனெனில் ஒருமுறை ஓடியவற்றையும் அந்த டப்பாக்களிலேயே போட்டு வைத்திருப்பார்கள். தையல் ஊசியையோ குண்டூசியையோ ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அவற்றின் கடினமும் முனையும் இந்த வேலைக்காக அமைந்தவை அல்ல. ஊசியை அதன் குழியின் அடிவரை செலுத்தித் திருகை விரலால் மட்டும் இறுக்க வேண்டும். முன்னிருந்து பின்னாகச் சாய்ந்து, தட்டோடு ஏறத்தாழ 60 பாகைக் கோணத்தில் ஊசி நிற்பது சரியான நிலை.

ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்பு சாவி கொடுப்பது நல்ல பழக்கம். கைப்பிடியைச் சீராகச் சுற்றி, எதிர்ப்பு தெளிவாகக் கூடியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் வலிந்து சுற்றக் கூடாது. பிறகு பிரேக்கை விடுவித்து, சுழல்மேடை முழு வேகத்துக்கு வந்தபின் ஊசியைத் தட்டின் விளிம்பிலுள்ள வெற்றுப் பகுதியில் மெதுவாக இறக்க வேண்டும். முடிந்ததும் ஊசியைத் தூக்கிய பிறகே பிரேக்கைப் போட வேண்டும். அன்றைய கேட்பு முடிந்தால், ஸ்பிரிங்கை முழு முறுக்கோடு விட்டு மூடாமல், தட்டில்லாமல் சற்று ஓடவிட்டு முறுக்கைத் தளர்த்திவிடுவது நல்லது.

அடுத்தது வேகம். வேகத்தை மாற்றும் நெம்புகோலின் பக்கத்தில் அளவுக்குறி இருந்தாலும் இத்தனை ஆண்டுகள் கழித்து அதை நம்ப முடியாது. நாமே அளந்து பார்க்க வேண்டும். தட்டுக்கும் சுழல்மேடைக்கும் இடையில் ஒரு சிறு காகிதத் துண்டு வெளியே நீட்டியிருக்குமாறு வைத்து, தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அரை நிமிடத்தில் அது எத்தனை முறை நம்மைக் கடக்கிறது என்று எண்ணினால் 39 வர வேண்டும். ஊசி பள்ளத்தில் இருக்கும்போதே எண்ணுவது முக்கியம், ஏனெனில் ஊசியின் இழுவை வேகத்தைச் சற்றுக் குறைக்கும். பாட்டின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை எண்ணுங்கள்; முடிவில் வேகம் குறைந்தால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது உள்ளே கிரீஸ் இறுகிவிட்டது என்று பொருள். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இது சிறிய விஷயம் அன்று. 78க்குப் பதிலாக ஏறத்தாழ 82½ சுற்று ஓடினால் பாடகரின் சுருதி அரைக் கட்டை உயர்ந்துவிடும். ஏறத்தாழ 73½ சுற்றில் ஓடினால் அரைக் கட்டை இறங்கிவிடும். 1925க்கு முன்பு பதிவான தட்டுகளில் பல 78 சுற்றில் பதிவானவை அல்ல என்பதால், பாடகரின் வழக்கமான சுருதி தெரிந்தவர்கள் அதைக்கொண்டே நெம்புகோலைச் சரிசெய்யலாம்.

ஓசை நசுங்கியும் இரைச்சலோடும் வந்தால், தட்டைக் குறை சொல்வதற்கு முன், ஊசியைப் பொருத்தும் வட்டமான சவுண்ட் பாக்ஸைப் பார்க்க வேண்டும். ஊசி பள்ளத்தில் பெறும் அசைவு, ஒரு சிறு தண்டின் வழியே மெல்லிய தகட்டுக்குச் சென்று ஒலியாகிறது. பழைய வகைகளில் அந்தத் தகடு மைக்கா, 102இல் அலுமினியம். தகட்டின் விளிம்பைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம் காலப்போக்கில் கல்லாக இறுகிவிடும். அப்படி இறுகினால் தகடு தாராளமாக அசையாது. ஓசை கெடுவதோடு, அசைய மறுக்கும் ஊசி பள்ளத்தின் சுவரையும் அரிக்கும். மைக்கா தகடுள்ள சவுண்ட் பாக்ஸில், பின்மூடியின் திருகுகளைக் கழற்றி, அதே தடிமனுள்ள மென்மையான ரப்பர் குழாயை அளவாக வெட்டி இருபுறமும் பொருத்தலாம். தகட்டின் நடுவில் தண்டு சேரும் இடத்தில் ஒரு துளி தேன்மெழுகை உருக்கி வைத்தால் காற்றுக் கசிவு நிற்கும். அலுமினியத் தகட்டை விரலால் அழுத்தினாலே நெளிந்துவிடும் என்பதால், அந்த வகையை அனுபவம் உள்ளவரிடம் கொடுப்பதே முறை. சவுண்ட் பாக்ஸை அதைத் தாங்கும் டோன் ஆர்ம் என்னும் குழாயோடு இணைக்கும் பின்புற ரப்பரும் இதேபோல் இறுகும். அதைக் கழற்றும்போது வலிந்து திருகாதீர்கள்; சில சவுண்ட் பாக்ஸ்களின் கூடும் சில டோன் ஆர்ம்களும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை, அந்த உலோகம் முதுமையில் உப்பி, விரிசல் கண்டு, சிறு அழுத்தத்துக்கே நொறுங்கிவிடும்.

இயந்திரத்தைத் திறப்பதற்கு முன், சாவி முழுவதும் இறங்கித் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். இந்த ஒரு விதியை மீறினால் கைவிரல் போகும். பிறகு சுழல்மேடையை இரு கைகளாலும் நேராக மேலே தூக்கி எடுத்து, கைப்பிடியையும் கழற்றி, மேற்பலகையின் திருகுகளை நீக்கினால், பலகையோடு இயந்திரமும் மேலே வரும். கீழே ஸ்பிரிங்கை அடக்கிய உருளைக் கூடும், பற்சக்கரங்களும், மூன்று சிறு எடைகள் சுழலும் கவர்னரும் தெரியும். வேகத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பது இந்தக் கவர்னரே. சுழற்சி கூடும்போது எடைகள் வெளியே விரிந்து ஒரு வட்டத்தகட்டை இழுக்கின்றன. அந்தத் தகடு தோல் அல்லது ஃபெல்ட் துண்டில் உரசி வேகத்தை அடக்குகிறது. தண்டுகள் தாங்கிகளில் நுழையும் இடங்களில் ஒவ்வொரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும். உரசும் தோல் துண்டுக்கும் ஒரு துளி தேவை. அது காய்ந்து கிடந்தால் கிறீச்சென்ற ஒலி வரும், வேகமும் நடுங்கும். தேங்காய் எண்ணெயை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அது நாளடைவில் பிசினாகி இயந்திரத்தையே பிடித்துவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் எண்ணெய்க்கு மாற்று ஆகாது.

ஓடும்போது உள்ளிருந்து 'டொக், டொக்' என்று இடி கேட்டால், ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு இடையிலுள்ள கிரீஸ் கெட்டியாகி, சுற்றுகள் ஒட்டிக்கொண்டு திடீர் திடீரென விடுபடுகின்றன என்று அறியலாம். சாவி கொடுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடி வீணாகச் சுற்றினால் ஸ்பிரிங் அறுந்திருக்கக் கூடும். இரண்டுக்கும் உருளைக் கூட்டைத் திறந்து, பல அடி நீள எஃகுப் பட்டையை வெளியே எடுத்து, அறுந்திருந்தால் புதியதை மாற்றி, இல்லையேல் மண்ணெண்ணெயில் கழுவி, கிராஃபைட் கலந்த புதிய கிரீஸ் தடவி மீண்டும் சுருட்டி வைக்க வேண்டும். பிடி நழுவினால் அந்தப் பட்டை முகத்தில் அறையும் என்பதால், இதைச் செய்து பழகியவரிடமே ஒப்படைக்குமாறு அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பெட்டியின் வெளிப்புறத்துக்கு அதிக வேலை இல்லை. நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். நிக்கல் முலாம் பூசிய பாகங்களைப் பித்தளைப் பாலிஷால் தேய்த்தால் முலாமே போய்விடும். மூடியின் உட்புறத்தில் இருக்கும் நாய்ப் படத்தில் எண்ணெயோ பாலிஷோ படக் கூடாது. புதிது போலப் பளபளக்க வைக்கும் ஆசையை விட்டுவிடும்படி சொல்வேன். பழைய மேற்பரப்புக்கு உள்ள மதிப்பு புதுப் பூச்சுக்கு இல்லை. மழைக்காலத்தில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைப் பெட்டிக்குள் வைப்பது நல்லது.

தட்டில் தூசு இருந்தால், அதை அழுத்தி அரைப்பது ஊசிதான் என்பதால் ஓட்டுவதற்கு முன் மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே துடைக்க வேண்டும். அழுக்கு மிகுந்தால், மிதமான சோப்பு ஒரு துளி கலந்த நீரில் நனைத்த துணியால், நடுவிலுள்ள லேபிள் நனையாமல் துடைத்து, நிழலில் உலர்த்தலாம். ஸ்பிரிட், சானிட்டைசர் போன்ற ஆல்கஹால் கலந்த எதுவும் அரக்கைக் கரைத்துவிடும். தட்டுகளைக் காகித உறையிலிட்டு, வெயில் படாத இடத்தில், சாயாமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். படுக்கையாக அடுக்கினால் அடியில் உள்ளவை வளையும் அல்லது உடையும்.

எல்லாத் தட்டையும் இந்த இயந்திரத்தில் ஓட்டிவிடக் கூடாது. வினைல் எல்.பி. தட்டை ஒருமுறை வைத்தாலே அதன் நுண்ணிய பள்ளங்கள் பாழாகும். இந்தியாவில் 1960களிலும் 78 சுற்றுத் தட்டுகள் வெளிவந்தன. அந்தக் காலத்தவை ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் எடை குறைந்த மின் பிக்கப்புக்காக உருவானவை, கிராமபோனின் எடையில் விரைவாகத் தேயும். பழம்பொருள் கடைகளில் பெரிய பித்தளைப் புனலோடு விற்கும் புதிய போலிகளிலும் நல்ல தட்டை வைக்காதீர்கள்; அவற்றில் டோன் ஆர்ம் பெரும்பாலும் தட்டின் குறுக்கே சரியான பாதையில் நகராது. கிட்டப்பா, சுந்தராம்பாள் காலத்து அரிய தட்டு ஒன்று உங்களிடம் இருந்தால், 78 சுற்றுக்குரிய அகன்ற முனை பொருத்திய மின் பிளேயரில் ஓட்டி முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதன்பின் அந்தத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, பல பிரதிகள் கிடைக்கும் தட்டுகளைக் கிராமபோனில் கேளுங்கள்.