ஸ்வயம் சான்றிதழ் இருந்தும் கிரெடிட் ஏறாதது ஏன்?

மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் படித்த சான்றிதழ் கையில் இருக்கும்; கல்லூரி மதிப்பெண் பட்டியலில் கிரெடிட் இருக்காது. பெரும்பாலும் காரணம், படித்து முடித்துவிட்டு அனுமதி கேட்பதுதான்.

ஒரு பருவத்தின் பாடங்களில் 40% வரை ஸ்வயம் வழியாகப் படிக்க விடலாம் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதி. அது கல்வி நிறுவனத்துக்குத் தந்த வரம்பு. மாணவர் கேட்டு வாங்கும் உரிமை என்று படிப்பது தவறு. எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று முடிவு செய்வது பட்டம் தரும் இடம். குமரி மாவட்டத்தில் கலை, அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழும், பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழும் வருகின்றன. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதன் கல்விக்குழு முடிவு செய்யும். ஆகவே மார்த்தாண்டத்தில் பி.எஸ்சி. படிக்கும் தோழிக்குக் கிடைத்தது நாகர்கோவிலில் பி.இ. படிப்பவருக்கும் கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். துறைத்தலைவர் வராந்தாவில் நின்று "பார்த்துக்கலாம்" என்றது கணக்கில் வராது. படிப்பின் பெயர், குறியீடு, ஈடாகும் பாடம் மூன்றும் எழுத்தில் வேண்டும், அதுவும் சேரும் முன்பே.

வாரக் கணக்கையும் பாருங்கள். 12 வாரம் 3 கிரெடிட், 8 வாரம் 2, 4 வாரம் 1. மூன்று கிரெடிட் விருப்பப் பாடத்துக்கு 8 வாரப் படிப்பு போதாது.

ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் ஸ்வயத்தில் நடத்தும் என்பிடெல் படிப்புகளில் பலர் சறுக்குவது மதிப்பெண்ணில். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 என இரண்டிலும் தனித்தனியே எடுக்க வேண்டும். அசைன்மென்ட்டில் 24 வாங்கியவர் தேர்வில் 100-க்கு 38 எடுத்தால் அது 75-க்கு 28.5. கூட்டினால் 52.5 வரும், சான்றிதழ் வராது. 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்ட்தான் கணக்கு. மழையில் கரண்ட் போய் ஒன்றிரண்டு விட்டுப்போனால் பதற வேண்டாம். படிப்பில் சேர்வது இலவசம், ஆனால் தேர்வுக்குத் தனியாகப் பதிந்து பணம் கட்ட வேண்டும். இதை மறந்தவருக்கு ஹால் டிக்கெட்டே வராது.

அடுத்து இனிஷியல், நம் ஊர்த் தலைவலி. ஆதாரில் "அருண் எஸ்", கல்லூரிப் பதிவில் "எஸ் அருண்", ஸ்வயத்தில் அப்பா பெயரோடு முழுதாக. இப்படி இருந்தால் மாணவரின் கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் ஏபிசி (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) கணக்கில் கிரெடிட் சிக்கிக்கொள்ளும். பதியும்போதே மூன்றையும் ஒன்றாக்குங்கள்.

கடைசிப் பருவத்தில் எடுக்கவே வேண்டாம். ஸ்வயம் முடிவு தாமதமானால் பட்டமும் காத்துக் கிடக்கும். ஐந்தாம் பருவமே பி.எஸ்சி.க்குக் கடைசி நல்ல நேரம்.