ஈஜிஆர் வால்வின் மின்சுற்றுப் பழுதைக் கண்டறியும் முறை

ஸ்கேனரில் பி0403 என்ற பழுதுக் குறியீடு வந்தவுடன் ஈஜிஆர் வால்வை, அதாவது வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் வால்வை, கழற்றிக் கரி சுரண்டத் தொடங்குவது எங்களில் பலருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. கரி அடைத்தால் பெரும்பாலும் வருவது பி0401 ஆகும். எஞ்சினுக்குள் திரும்பச் செல்லவேண்டிய புகை போதிய அளவு செல்லவில்லை என்பதே அதன் பொருள். பி0403 அப்படியன்று. அது மின்சுற்றைப் பற்றிய முறைப்பாடு: வால்வை இயக்கும் வயரில், தான் கொடுத்த கட்டளைக்கு ஏற்ற வோல்ற்றோ மின்னோட்டமோ தெரியவில்லை என்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ சொல்கிறது. பி0489 வந்தால் அதே சுற்றில் வோல்ற் தாழ்ந்திருக்கிறது, பி0490 வந்தால் உயர்ந்திருக்கிறது. பி0405, பி0406 ஆகிய இரண்டும் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று அறிவிக்கும் சென்சரைச் சார்ந்தவை.

குறியீட்டை அழிப்பதற்கு முன்னர், அது பதிவான வேளையில் எஞ்சினின் வெப்பநிலை, வேகம், பற்றரி வோல்ற் ஆகியன எவ்வாறு இருந்தன என்பதை ஸ்கேனரில் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அழித்தால் அந்தப் பதிவும் சேர்ந்தே போய்விடும். பின்னர் அழித்துவிட்டு, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். குறியீடு உடனே திரும்பினால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது அல்லது ஷோட் ஆகியிருக்கிறது என்று கொள்ளலாம், தேடுவதும் எளிது. சூடான பிறகோ, குழி விழுந்த வீதியில் ஓடும்போதோ மட்டும் வந்தால் பொறுமை வேண்டும்.

அடுத்து, உங்கள் வாகனத்தில் இருப்பது எவ்வகை வால்வு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வயர் மட்டும் செல்வது பெரும்பாலும் சொலனோயிட், அதாவது மின்காந்தத்தால் இயங்கும் வகை. ஆறு வயர் செல்வது பொதுவாக ஸ்டெப்பர் மோட்டார் வகை. அதில் இரண்டு வயரில் 12 வோல்ற் வரும், மற்ற நான்கையும் ஈசியூ மாறி மாறி எர்த் செய்து வால்வைப் படிப்படியாகத் திறக்கும். டீசல் வாகனங்களில் அதிகம் காணப்படும் ஐந்து வயர் வால்வில் இரண்டு மோட்டாருக்கும் மூன்று சென்சருக்கும் உரியவை. வயரின் நிறத்தை நம்பி ஊகிக்காமல், அந்த மொடலுக்குரிய வயரிங் படத்தை எடுத்துவைத்துக்கொள்வது பாதி வேலை முடிந்ததற்குச் சமம்.

எஞ்சின் ஆறிய பின்னரே கை வையுங்கள்; ஈஜிஆர் குழாய் தோலை உரித்துவிடும். ஹைபிரிட் வாகனமானால் அதை முழுமையாக நிறுத்தி, உயர் வோல்ற் செல்லும் செம்மஞ்சள் நிற வயர்களின் பக்கம் போகாதிருங்கள்.

முதலில் பியூஸையும் பற்றரியையும் பாருங்கள். ஓய்விலிருக்கும் நல்ல பற்றரி ஏறத்தாழ 12.4 வோல்ற்றுக்குக் குறையாது. பிறகு வால்வின் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். திருகோணமலைக் கடற்கரையிலுள்ள உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் இரவு பகலாக நிற்கும் வாகனங்களில், ரப்பர் சீல் வெடித்த பிளக்கினுள் பச்சைக் களிம்பு பூத்திருப்பதை அடிக்கடி காணலாம். மாரி காலத்தில் பொனற்றுக்குள் ஒதுங்கும் எலியும் வயரைக் கடித்து வைக்கும். பின்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கின்றனவா, அவை நுழையும் எதிர்ப்பக்கத் துளைகள் தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

இனி வருவதுதான் பலர் வழுக்கி விழும் இடம். நிலாவெளியில் கடற்கரையோரம் நிறுத்தப்பட்டிருந்த ஒரு சிறிய பெட்ரோல் கார் என்னிடம் வந்தபோது அதன் உரிமையாளர் வால்வை ஏற்கெனவே மாற்றியிருந்தார். ஆனாலும் பி0403 போகவில்லை. பிளக்கின் 12 வோல்ற் பின்னில் மீற்றரை வைத்தால் 12.4 காட்டியது. அதைப் பார்த்துத்தான் முன்னர் சோதித்தவரும் வயர் சரி என்று முடிவு செய்திருக்க வேண்டும். நான் அந்தப் பின்னுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒரு 5 வாற் பல்பை இணைத்தேன். பல்பு மங்கலாகச் சிவந்ததே தவிர எரியவில்லை. மீற்றர் 7 வோல்ற்றுக்கு இறங்கியது. மீற்றர் மின்னோட்டத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம், ஆதலால் ஒரேயொரு செப்பு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும், அரித்த மூட்டு ஒன்று இடையில் இருந்தாலும் அது முழு வோல்ற்றையும் காட்டும். வால்வு மின்னோட்டம் கேட்கும்போதுதான் உண்மை வெளிப்படும். பியூஸ் பெட்டியை நோக்கி வயரைத் தொடர்ந்து சென்றபோது, யாரோ முன்னொரு காலத்தில் முறுக்கி டேப் சுற்றிய மூட்டு அகப்பட்டது. டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பொடி.

இந்தப் பல்புச் சோதனையை 12 வோல்ற் வரும் வயரில் மட்டுமே செய்யுங்கள். ஈசியூவிலிருந்து வரும் கட்டுப்பாட்டு வயரிலோ சென்சரின் 5 வோல்ற் வயரிலோ பல்பை இணைத்தால் ஈசியூ பழுதாகக்கூடும்.

வோல்ற் சரியாக வந்தால் வால்வின் காயிலை ஓம் மீற்றரால் அளக்கலாம். ஸ்டெப்பர் வகையில் 12 வோல்ற் வரும் இரண்டு பொதுப் பின்களில் ஒவ்வொன்றிலிருந்தும் அதற்குரிய இரண்டு பின்களுக்கும் தனித்தனியே அளந்தால் நான்கு அளவுகளும் ஏறத்தாழச் சமமாக இருக்கவேண்டும். பல வாகனங்களில் அது 20 ஓம் அளவில் இருக்கும், சரியான எண் அந்தந்த வாகனத்தின் கைநூலில் உண்டு. ஒன்று மட்டும் பெரிதும் வேறுபட்டால் அல்லது காயிலுக்கும் வால்வின் உலோக உடலுக்கும் இடையில் தொடர்பு காட்டினால் வால்வே குற்றவாளி. சூடான பிறகு மட்டும் குறியீடு வருமானால், ஆறிய நிலையில் எடுத்த அளவை நம்பாமல், எஞ்சின் சூடாக இருக்கும்போதே கவனமாக ஒரு தடவை அளக்கவேண்டும்.

அதுவும் சரியானால் வால்வுக்கும் ஈசியூவுக்கும் இடையிலான வயர்களே மிஞ்சும். பற்றரியின் எதிர்முனையை (−) கழற்றி, இரு பக்கப் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு வயரையும் முனைக்கு முனை அளந்தால் ஒரு ஓமுக்குக் குறைவாக வரவேண்டும். வாகனத்தின் உலோக உடலோடோ பக்கத்து வயரோடோ தொடர்பு இருக்கக்கூடாது. அளக்கும்போதே வயர்க்கட்டை அசைத்துப் பாருங்கள், விட்டுவிட்டு வரும் பழுது அப்போதுதான் பிடிபடும். ஐந்து வயர் வால்வில், சாவியைத் திருப்பிய நிலையில் சென்சருக்கு 5 வோல்ற்றும் நல்ல எர்த்தும் வருகின்றனவா என்று பார்த்துவிட்டு, ஸ்கேனர் மூலம் வால்வை மெல்லத் திறக்கச் செய்தால் சமிக்ஞை வோல்ற் இடையில் அறாமல் சீராக மாறவேண்டும். இத்தனையும் சரியாக இருந்தும் கட்டளை மட்டும் வராவிட்டால்தான் ஈசியூவைச் சந்தேகிக்கலாம். நான் பார்த்தவற்றில் அது மிக அரிது.

அரித்த வயரைப் பழுதுபார்க்கும்போது களிம்பு தெரியும் இடத்தோடு வெட்டினால் போதாது. உப்பு ஈரம் உறைக்குள்ளே ஊர்ந்து செல்வதால், செம்பு கறுப்பு நீங்கிப் பளபளப்பாகத் தெரியும்வரை பின்னோக்கி வெட்டி, புதுத் துண்டைச் சொல்டர் செய்து, உட்புறம் பசையுள்ள சுருங்கு குழாயால் மூடவேண்டும். வெறும் டேப் இந்தக் கடற்காற்றில் நிலைக்காது.

குறியீட்டை அழித்த பிறகு கராஜ் வாசலிலேயே காரைக் கையளித்துவிடாதீர்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் ஐட்லிலும் பெட்ரோல் கார்களில் ஈஜிஆர் பொதுவாக மூடியே இருக்கும். சூடான எஞ்சினில், சற்று நீண்ட தூரம் சீரான வேகத்தில் ஓடிவிட்டு, இன்னும் உறுதியாகாமல் நிலுவையிலுள்ள குறியீடுகளையும் சேர்த்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.