முந்தின இரவு பழ பார், மறுநாள் பெயின்ட்

வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு அறைக்குப் பெயின்ட் அடிப்பது என்று முடிவாகிவிட்டதா? அப்படியென்றால் முதலில் சாப்பாட்டைப் பற்றி யோசியுங்கள். நாங்கள் முதல் தடவை அடித்தபோது, அறையிலிருந்து எடுத்த சாமான்கள் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டன. மதியம் பசி வந்ததும் ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பாதி அடித்த சுவர் அப்படியே காய்ந்துவிட்டது. அந்தத் திட்டு இன்னும் தெரிகிறது. அதனால் இப்போதெல்லாம் முந்தின இரவே பழ பார் செய்து வைத்துவிடுகிறோம்.

முந்தின நாள் மாலை: பட்டி

ஆணி ஓட்டை, சின்ன விரிசல் எல்லாவற்றிலும் தகட்டால் பட்டியை அழுத்தி நிரப்புங்கள். காயும்போது சற்று உள்வாங்கும் என்பதால் மேடாகவே விடுங்கள். இரவுக்குள் காய்ந்துவிடும்.

அப்போதே பெயின்ட் கணக்கையும் போட்டுவிடலாம். ஒரு லிட்டர் எமல்ஷன் (தண்ணீர் கலக்கும் சுவர் பெயின்ட்) ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். சுவர்ப் பரப்பில் கதவு, ஜன்னலைக் கழித்து, இரண்டு கோட்டுக்காக இரண்டால் பெருக்கி, 10-ஆல் வகுத்தால் எத்தனை லிட்டர் என்று தெரியும்.

இரவு: பழ பார்

12 துண்டுக்கு:

- ஓட்ஸ் 2 கப்
- கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 1 கப்
- உலர்திராட்சை அரை கப்
- பொடியாக நறுக்கிய பாதாம் அரை கப்
- தேன் 3 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை

ஓட்ஸை எண்ணெய் விடாமல் சிறுதீயில் 5 நிமிடம், வாசனை வரும்வரை வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். பேரீச்சம்பழத்தை வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, நீரை நன்றாகப் பிழிந்துவிட்டு மசியுங்கள். இந்தப் பிழிதலில் சோம்பல் படக்கூடாது, ஈரம் மிஞ்சினால் பார் சொதசொதவென்று ஆகிவிடும். மசித்ததைத் தேனோடு சேர்த்து அடுப்பில் இரண்டு நிமிடம் கிளறி, மற்ற எல்லாவற்றையும் கொட்டிக் கலக்குங்கள்.

பட்டர் பேப்பர் விரித்த தட்டில் பரப்பி, அடி தட்டையான டம்ளரால் அழுத்துங்கள். கை வலிக்கும் அளவுக்கு அழுத்த வேண்டும். பார் உதிர்ந்துபோனால் பெரும்பாலும் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருக்கட்டும். ஒரு தடவை அவசரப்பட்டு அரை மணி நேரத்தில் வெட்டினேன். கிடைத்தது பார் இல்லை, பொடிமாஸ்.

காலையில் வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றுங்கள். தூசு படாது, காகிதத்தைப் பிடித்தே சாப்பிடலாம். கை கழுவுவதற்கு இது விதிவிலக்கு இல்லை. இன்னொன்று, தேன் இருப்பதால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

காலை: தேய்த்தல், பிரைமர்

பட்டி வைத்த இடங்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் தூசைத் துடையுங்கள். சுவர் கை பட்டால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வீடு மிகப் பழையது என்றால் அடியில் உள்ள பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசு குழந்தைகளுக்கு ஆபத்து. பரிசோதிக்காமல் தேய்க்கவே வேண்டாம்.

தரையில் விரிப்பு, ஓரங்களில் மாஸ்கிங் டேப், சுவிட்சுகளைச் சுற்றி வேலை செய்யும்போது மெயின் அணைப்பு. இதெல்லாம் தெரிந்ததுதான்.

பழைய பெயின்ட் நல்ல நிலையில் இருந்தால், பட்டி வைத்த இடங்களுக்கு மட்டும் பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, போதும். இதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கோணல்மாணலாக வந்தாலும் மேலே வரும் கோட் மறைத்துவிடும், அவர்களுக்கும் பெருமை.

முதல் கோட்

ஒருவர் பிரஷ்ஷால் மூலை, ஓரங்களை நாலு விரல் அகலத்துக்கு அடித்துக்கொண்டே போக, இன்னொருவர் ரோலரோடு பின்னால் வர வேண்டும். ஓரம் காய்வதற்குள் ரோலர் அதைத் தொட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கோடு விழும். ரோலரைத் தட்டில் உருட்டி, சொட்டாத அளவுக்கு வழித்துவிட்டு, சுவரில் W மாதிரி இழுத்து, இடைவெளிகளை நிரப்புங்கள்.

ஒரு சுவரைத் தொட்டால் முடித்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். பசி எடுத்தால்? சுவர் முடிந்ததும் பார். எங்கள் வீட்டில் இப்போது இதுதான் சட்டம்.

காயும் நேரம்

அடுத்த கோட்டுக்குச் சுமார் 2 முதல் 4 மணி நேரம் ஆகும். டின்னில் போட்டிருப்பதைப் பாருங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். ரோலரை பிளாஸ்டிக் பையில் இறுக்கிச் சுற்றி வைத்தால் இடையில் கழுவ வேண்டியதில்லை. கையைத் துடைத்தால் போதாது, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வேறு அறையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இரண்டாவது கோட்

அதே முறைதான், வேகமாக முடிந்துவிடும். பெயின்ட் லேசாக ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரித்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்தபின் உரித்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

கடைசி இரண்டு பாரை மட்டும் ஒளித்து வையுங்கள். ரோலரைக் கழுவ யாரும் தானாக முன்வர மாட்டார்கள்.