மரப்பாலத்துக்கு ஒட்டா, புதுசா?

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். தெருவுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு வாய்க்காலாவது குறுக்கே கிடக்கும். நான் தச்சுவேலை செய்கிறவன். வாசக்காலும் ஜன்னலும்தான் பிழைப்பு. ஆனாலும் ஊரில் ஆசாரி என்று ஒருத்தன் இருந்தால் பாலமும் அவன் தலையில்தான் வந்து விழும். முப்பது வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு மரப்பாலங்களில் கை வைத்திருப்பேன். பழுதான பாலத்துக்கு ஒட்டுப்போட்டால் போதுமா, புதுசே போட வேண்டுமா என்று பார்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அதில் ஒன்றில் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலத்தின் மேல்பலகை எல்லாம் உளுத்துப்போயிருந்தது. பழையதைப் பிரித்து, புதுப் பலகை இழைத்துப் போட்டு, கைப்பிடிக்கும் சாயம் அடித்துக் கொடுத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. ஐப்பசி மழையில் ஒரு பசுமாடு ஏறியபோது பலகையைத் தாங்கும் உத்திரத்தின் நுனி கரையிலேயே முறிந்து, பாலம் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. மாட்டுக்குக் கால் போனது. மண்ணுக்குள் புதைந்து கிடந்த அந்த நுனியை நான் தோண்டியே பார்க்கவில்லை. எல்லாரும் பாலத்தின் நடுவில் நின்று குதித்துப் பார்ப்பார்கள். மரம் சாவது நடுவில் அல்ல, இரண்டு கரையிலும்தான்.

ஆகவே மண்வெட்டியிலிருந்து தொடங்குங்கள். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். வாய்க்கால் காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியில் வேலையைப் பிடித்தால்தான் அடிப்பக்கம் பார்க்க முடியும். வைகாசியில் கூப்பிட்டால் நான் வரமாட்டேன் என்றே சொல்லிவிடுவேன். பார்ப்பதற்கும் மரம் தேடுவதற்கும் நாள் போதாது.

இரு கரையிலும் உத்திரத்தின் நுனியை மூடியிருக்கும் மண்ணை ஒரு முழம் விலக்குங்கள். பிறகு சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் ‘டங்’கென்று பதில் சொல்லும். உள்ளே இற்றது ‘டொப்’பென்று ஊமையாக இருக்கும். சத்தத்தை மட்டும் நம்பிவிட வேண்டாம், பழைய திருப்புளி ஒன்றை வைத்து அழுத்தியும் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் தயங்காமல் இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. மண் தொடும் நுனி, பலகையும் உத்திரமும் சேரும் இடுக்கு, ஆணி அடித்த ஓட்டை, வாய்க்காலுக்குள் நட்டு உத்திரத்தைத் தாங்கும் குத்துக்காலில் தண்ணீர் ஏறி இறங்கும் மட்டம், இந்த நாலு இடத்தையும் விடாதீர்கள். குத்துக்காலில் எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கும் பாகம் அவ்வளவு லேசில் இறாது. அங்கே காற்று இல்லாததால் பூஞ்சணம் பிழைக்காது. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து கிடக்கும் அந்த ஒரு சாண்தான் முதலில் போகும்.

பனைமரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. தேக்கு, வேம்பில் வைரம், அதாவது மரத்தின் கெட்டியான பாகம், நடுவில் இருக்கும். பனையில் அது தலைகீழ். வைரம் வெளிச்சுற்றில், உள்ளே இருப்பது வெறும் சோறு. அதனால் பனை உத்திரத்தின் நடுப்பாகம் மிருதுவாக இருந்தால் பதற வேண்டியதில்லை. வெளிச்சுற்று ஒரு அங்குலம் உதிர்ந்திருந்தால்தான் பதற வேண்டும். தென்னையும் அதே ஜாதிதான், ஆனால் மண்ணில் பட்டால் பனையைப்போல் தாங்காது. 2018 நவம்பரில் கஜா புயல் போனபிறகு விழுந்த தென்னைகளை இழுத்துப் போட்டு எத்தனையோ பேர் பாலம் போட்டார்கள். அப்படிப் போட்ட தென்னை உங்கள் பாலத்தில் இன்னும் கிடந்தால், தட்டிப் பார்க்கும் வேலைகூட வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

இற்றுப்போன அளவைக் கண்ணால் மதிப்பிடுவதில்தான் எல்லாரும் ஏமாறுவது. “கொஞ்சந்தாண்ணே போயிருக்கு, கால்வாசி” என்பார்கள். மரத்தின் பலம் அதன் உயரத்தோடு நேராகக் குறைவதில்லை, உயரத்தின் வர்க்கத்தோடு குறையும். எட்டு அங்குலம் நிற்கும் சட்டத்தில் மேலேயோ கீழேயோ இரண்டு அங்குலம் இற்றால் மீதி பலம் முக்கால் பங்கு அல்ல, பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். வெளிச்சுற்றில் பலத்தை வைத்திருக்கும் பனையில் இன்னும் மோசம். என் கணக்கு இப்படி. பத்தில் ஒரு பங்கு உயரம் போயிருந்தால் செதுக்கி எடுத்துவிட்டு, பக்கத்தில் துணைச்சட்டம் கொடுத்தால் போதும். நாலில் ஒரு பங்கு போயிருந்தால் அந்த உத்திரத்தையே மாற்ற வேண்டும். ஐந்து உத்திரத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு போயிருந்தால், மற்ற மூன்றும் நன்றாக இருந்தாலும் அது ஒட்டுவேலைக்கு உரிய பாலம் இல்லை.

அடுத்தது நூல். ஒரு தாங்கலுக்கும் அடுத்த தாங்கலுக்கும் நடுவே உத்திரத்தின் அடியில் நூலை விறைப்பாகக் கட்டி, நடுவில் எவ்வளவு தொங்கல் என்று அளந்துகொள்ளுங்கள். பத்தடி தூரத்துக்கு அரை அங்குலம் வரை நான் ஒத்துக்கொள்வேன். பிறகு ஆள் ஏறாத ஒரு பைக்கைத் தள்ளி நடுவில் நிறுத்தி, இறக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பாரம் போனதும் உத்திரம் பழைய இடத்துக்கே திரும்பினால் அதற்கு உயிர் இருக்கிறது. திரும்பவில்லை என்றால் உள்ளே நார் அறுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். டிராக்டர் ஏற்றிச் சோதனை பார்க்கலாமே என்று ஒரு தம்பி கேட்டார். “பாலம் உடையுமான்னு உடைச்சுப் பாக்கறதா தம்பி?” என்றேன்.

மரம் முழுவதும் நன்றாக இருந்தும் பாலத்தைக் கைவிட வேண்டிய நிலையும் வரும். மேட்டூர் திறப்பதற்கு முன்னால் பொக்லைன் விட்டுத் தூர்வாருவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் குத்துக்காலைச் சுற்றியிருந்த மண்ணையும் சேர்த்து அள்ளிவிட்டால், நாலடி ஆழத்தில் நட்ட கால் ஒன்றரை அடியில் நிற்கும். மேலே நின்றால் ஒன்றும் தெரியாது. காலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கரை அரித்து உத்திரத்துக்கு அடியில் பொந்து விழுந்திருந்தாலும் இதே கதைதான். அடிமானத்தைச் சரிசெய்யாமல் மரவேலைக்குச் செலவழிக்காதீர்கள். எனக்குக் கூலி கிடைக்கும், உங்களுக்குப் பாலம் கிடைக்காது.

இவ்வளவும் பார்த்தபிறகு ஊராரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இதன்மேல் என்ன போகப்போகிறது? பாலம் கட்டிய காலத்தில் ஏர்மாடும் சைக்கிளும் போயின. இப்போது கூப்பிடுகிறவர்கள் அறுவடை மெஷின் போகவேண்டும் என்கிறார்கள். நெல் ஏற்றிய டிரெய்லரோடு டிராக்டர் என்றாலே சில டன் வந்துவிடும், மெஷினும் அப்படித்தான். அந்தத் தேவை நிஜம் என்றால் மரத்தை ஒட்டிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. காங்கிரீட் பாலத்துக்கு மனுப்போட வேண்டியதுதான். மயானத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகிற வழி மட்டும் என்றால், ஒழுங்காக ஒட்டுப்போட்ட மரப்பாலம் இன்னும் பல வருஷம் உழைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதை யாரும் யோசிப்பதில்லை. பாலத்தின் இரு வாயிலும் நடுவாக ஒரு கல்லை நட்டு, ஆளும் சைக்கிளும் பைக்கும் மட்டும் நுழையும்படி செய்துவிடலாம். செலவு குறைவு, சண்டைதான் அதிகம்.

புதுசுக்குப் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். மலிவு என்று இரண்டு சிமென்ட் குழாயைப் போட்டு மேலே மண்ணைக் கொட்டாதீர்கள். ஆகாயத்தாமரை வந்து வாயை அடைத்தால், கார்த்திகையில் தண்ணீர் பின்னேறி மேலே இருக்கிறவர்களின் சம்பாப் பயிரை முழுகடிக்கும். பழைய மின்கம்பத்தை உத்திரமாகப் போடும் வழக்கமும் இங்கே இருக்கிறது. நீள்சதுரக் கம்பம் என்றால் அகலப்பக்கம் படுக்கும்படி போடக்கூடாது, செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்துவதுபோல் நிமிர்த்தி வைக்க வேண்டும். அதில்தான் அதற்குப் பலம். புயலில் விழுந்த கம்பத்தில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் வேண்டாம். பனையே போடுவதென்றாலும் மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்ட முடியாது. அனுமதி கிடைக்கும் வரைக்கும் காத்திருக்கும் நாளையும் கணக்கில் சேருங்கள்.

வாய்க்கால் யாருடையது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏ, பி பிரிவு என்று அரசு குறித்திருக்கும் பெரிய வாய்க்கால் என்றால் நீர்வளத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் கரையில் கடப்பாரை போடாதீர்கள். புதுப் பாலம் வேண்டும் என்றால் கிராம சபையில் தீர்மானம் ஏற்றுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. இற்ற நுனியைப் படம் எடுத்து, பக்கத்தில் அளவுகோல் தெரியும்படி வைத்துக் கொடுங்கள். “பாலம் மோசமாக உள்ளது” என்று மட்டும் எழுதிய மனுவும் நாலு அங்குலம் இற்ற படம் ஒட்டிய மனுவும் ஒன்றல்ல.

ஒட்டுப்போடுவது என்று முடிவானால், உத்திரத்தின் நுனி மண்ணில் கிடக்கக் கூடாது. கருங்கல்லோ காங்கிரீட் கட்டையோ வைத்து அதன்மேல் உட்காரட்டும், சுற்றிலும் காற்றுப் போகட்டும். வெட்டிய முகத்தில்தான் மரம் தண்ணீரை உறிஞ்சும், அங்கே தார் பூசுங்கள். கழிவு ஆயிலைத் தண்ணீர் தொடும் குத்துக்காலில் பூசாதீர்கள், அந்தத் தண்ணீரை மாடு குடிக்கிறது. துணைச்சட்டத்தை ஆணியால் அடிக்காமல், துத்தநாகம் பூசிய போல்ட்டும் அகல வாஷரும் போட்டு முடுக்குங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். சேறு தங்கினால் அதன் அடியில் ஈரம் தங்கும்.

போன மாசியில் மயானப் பாலத்தைப் பார்த்தேன். இருபதடி, ஐந்து பனை உத்திரம், நடுவில் இரண்டு குத்துக்கால். வடக்குக் கரையில் ஒரே ஒரு உத்திரத்தின் நுனி போயிருந்தது, கால்கள் ஆடவில்லை. அந்த ஒன்றை மாற்றி, நுனிகளுக்கெல்லாம் கல் வைத்து, வாயில் ஒரு கல் நட்டுக் கொடுத்தேன். “டிராக்டர் போகாத பாலம் எதுக்கு ஆசாரி?” என்று ஒருத்தர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். குத்துக்காலில் நூல் மட்டத்துக்கு ஒரு செம்பு ஆணி அடித்திருக்கிறேன். வருகிற பங்குனியில் அந்த ஆணியிலிருந்து மறுபடி நூல் பிடிப்பேன்.