பிரம்பும் வெறுங்கையும்: கொழும்பில் ஆர்னிஸ் பழகத் தொடங்குவோருக்கு

பிலிப்பைன்ஸ் நாட்டின் தற்காப்புக் கலை ஆர்னிஸ், எஸ்கிரிமா, காலி என்று மூன்று பெயர்களால் அறியப்படுகிறது. அந்நாட்டுச் சட்டம் 2009ஆம் ஆண்டு டிசம்பரில் ஆர்னிஸைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தமையால், இக்கட்டுரையில் அந்தப் பெயரையே பயன்படுத்துகிறேன். கராத்தே பழகியவர்களுக்கு இக்கலையில் முதலில் வியப்பூட்டுவது பாடத்தின் வரிசைதான். அங்கே பல ஆண்டுகள் வெறுங்கையோடு பழகிய பிறகே ஆயுதத்தைத் தொடுவார்கள். இங்கே முதல் நாளே கையில் பிரம்பைக் கொடுத்துவிடுகிறார்கள். எதிராளி கையில் என்ன இருக்கிறது என்பதை விட அந்தக் கை எந்தக் கோணத்தில் வருகிறது என்பதையே ஆர்னிஸ் முதன்மையாகப் பார்ப்பதுதான் இதற்குக் காரணம். வலது தோளுக்கு மேலிருந்து சரிந்து இறங்குவது தடியானாலும் கத்தியானாலும் வெறும் அறையானாலும் அதன் பாதை ஏறத்தாழ ஒன்றுதான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை அதன் பின்னால் வரும்.

நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் இதை வாசிப்பதை விட்டுவிட்டு அவரிடமே போய்விடுங்கள். கிடைக்கும் வரைக்கும், அல்லது வகுப்பில்லாத நாட்களுக்கு, கீழே சொல்வது உதவும்.

முதலில் தடி வேண்டும். பிரம்பென்றதும் நம்மில் பலருக்குப் பாடசாலை ஞாபகம்தான் வரும். ஆனால் வாத்தியாரின் பிரம்பு சுண்டுவிரல் பருமன் கூட இராது. ஆர்னிஸ் தடி ஏறக்குறைய 28 அங்குல நீளமும், ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த விட்டமும் கொண்டது. கொழும்பிலிருந்து கண்டி வீதியில் போனால் வேவல்தெனியவில் பிரம்புக் கதிரைகளும் கூடைகளும் வீதியோரமெங்கும் தொங்கும். சிங்களத்தில் வேவல் என்றாலே பிரம்புதான். அங்கே கதிரைக் கால் செய்யும் தடித்த பிரம்பை, வார்னிஷ் பூசாமல், நேரானதாகப் பார்த்துக் கேளுங்கள். ஒரே பருமனில் இரண்டு வேண்டும். மூங்கில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிட வேண்டாம். மூங்கில் உள்ளே பொள்ளல்; பலமாக மோதினால் நீளவாக்கில் பிளந்து கூரிய சிராய்கள் தெறிக்கும். பிரம்பின் உள்ளே முழுவதும் நார் என்பதால் அது உடையாமல் பல் துலக்கிய வேப்பங்குச்சியைப் போல நுனியில் பிசிறிக்கொண்டு போகும். பிசிறத் தொடங்கும் இடத்தில் மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றினால் இன்னும் பல வாரங்கள் தாங்கும். பிலிப்பைன்ஸில் கமகோங் என்னும் கனத்த மரத்தாலும் தடி செய்வார்கள். அது நம் கருங்காலியின் இனத்தைச் சேர்ந்த மரம். அந்தத் தடியை ஜோடிப் பயிற்சிக்கு எடுப்பது எலும்போடு விளையாடுவதாகும்.

பிடியில் பலர் தவறுகிறார்கள். தடியின் அடிநுனியில் மூன்று நான்கு விரல் அகலம் வெளியே நிற்கும்படி பிடிக்க வேண்டும். புன்யோ எனப்படும் அந்தத் துண்டு, நெருங்கி வந்தவரை இடிக்கவும் அவருடைய மணிக்கட்டைக் கொக்கி போலப் பிடித்து இழுக்கவும் பயன்படும். பெருவிரலைத் தடியின் மேல் நீட்டி வைக்காமல் மற்ற விரல்களின் மேல் மடித்துப் பூட்டுங்கள். நீட்டிய பெருவிரல் ஒரு மோதலிலேயே பிடியை விட்டுவிடும். வீசும்போது கை தளர்ந்திருக்க வேண்டும்; தடி இலக்கைத் தொடும் கணத்தில் மட்டும் இறுக வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை இறுக்கிப் பிடிப்பவருக்கு இரண்டாம் வாரத்திலேயே முழங்கையின் வெளிப்புறம் நோகத் தொடங்கும். வலி வந்தால் பயிற்சியை நிறுத்துங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

இனிக் கோணங்கள். பள்ளிக்குப் பள்ளி எண்ணிக்கையும் வரிசையும் மாறினாலும் பன்னிரண்டு அடிகள் என்னும் வரிசை பரவலானது. 1936இல் பிறந்து 2001இல் மறைந்த ரெமி பிரேசாஸ் வகுத்த நவீன ஆர்னிஸில், முதல் அடி உங்கள் வலது தோளிலிருந்து எதிராளியின் இடது நெற்றிப்பொட்டுக்குப் போகிறது. இரண்டாவது உங்கள் இடது தோளிலிருந்து அவருடைய வலது பொட்டுக்கு. மூன்றும் நான்கும் தோள்களுக்கு, ஐந்து வயிற்றில் குத்து, ஆறும் ஏழும் மார்பில் குத்து, எட்டும் ஒன்பதும் முழங்கால்களுக்கு, பத்தும் பதினொன்றும் கண்களுக்கு, பன்னிரண்டு உச்சந்தலைக்கு. முதல் மூன்று வாரங்களுக்கு முதல் ஐந்து அடிகளே போதும் என்பது என் கருத்து. ஆளுயரச் சுவர்க் கண்ணாடிக்கு முன் எட்டி நின்று மெதுவாக வீசி, தடியின் நுனி எந்தக் கோட்டில் போகிறது என்று பாருங்கள். அடி இலக்கில் நின்றுவிடாமல் அதைக் கடந்து மறுபக்கத் தோளிலோ இடுப்பிலோ வந்து அடங்க வேண்டும். ஏனென்றால் ஒன்று முடியும் இடத்திலிருந்துதான் இரண்டு பிறக்கிறது. சிலம்பம் பழகியவர்களுக்கு இந்த ஓட்டம் சீக்கிரமே கைவரும், ஆனால் நீண்ட கம்பின் பெரிய வட்டத்தை அவர்கள் பாதியாகச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

காலுக்கு முக்கோணம். மொட்டை மாடியில் சோக்கட்டியால் ஒரு முக்கோணம் வரையுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஓர் எட்டு தூரம். ஒரு முனையில் இரண்டு பாதங்களையும் சேர்த்து நின்று, முன்னால் வலப்புறம் இருக்கும் முனைக்கு வலது காலை வையுங்கள்; திரும்பி வாருங்கள்; பிறகு இடது காலை இடது முனைக்கு. பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டாகத்தான் தெரியும். ஆனால் நேரே பின்வாங்கினால் எதிராளியின் அடுத்த அடி துரத்திக்கொண்டு வரும். நேரே முன்னேறினால் அடிக்குள்ளேயே நுழைவீர்கள். சரிந்து முன்னேறும்போதுதான் அடியின் கோட்டிலிருந்து விலகுவதும் எதிராளியை எட்டுவதும் ஒரே எட்டில் நடக்கின்றன.

இக்கலையில் என்னை அதிகம் கட்டிப்போட்டது, இரண்டு தடிகளையும் மாறிமாறி வீசும் சினாவாலி. பிளந்த மூங்கிலைப் பின்னிச் செய்யும் தட்டிக்கு அங்கே சவாலி என்று பெயர். சினாவாலி என்றால் பின்னியது. யாழ்ப்பாணத்தில் கிடுகு பின்னுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை: ஓர் ஓலை மேலே போகும்போது மற்றது கீழே போகும். ஆறு எண்ணிக்கை கொண்ட சினாவாலியில், வலது தடி வலது தோளின் மேலும் இடது தடி வலது அக்குளுக்குக் கீழும் தொடங்கும். ஒன்று: வலது தடி தோளிலிருந்து சரிந்து அடிக்கும். இரண்டு: இடது தடி அக்குளுக்குக் கீழிருந்து புறங்கை வீச்சாக வெளியேறி அடித்து, இடது தோளுக்குப் போய்விடும். மூன்று: வலது தடி இடப்பக்கமிருந்து புறங்கை வீச்சாகத் திரும்பி அடித்து, இடது அக்குளுக்குக் கீழே அடங்கும். இப்போது நீங்கள் தொடங்கிய நிலையே கண்ணாடியில் தெரிவது போல இடமாறி நிற்கிறது. நான்கு, ஐந்து, ஆறு ஆகியவற்றை இடது கையிலிருந்து தொடங்கினால் வட்டம் முடிந்துவிடும். எதிரே ஒருவர் அதே ஆறை வீசும்போது தடிகள் நடுவில் மோதி ஒரு தாளம் பிறக்கும். தாளம் தடுக்கினால் யாரோ ஒருவருடைய கை மறந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் அது இடது கைதான். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் இதை இரவு எட்டு மணிக்கு மேல் பழக வேண்டாம். சத்தம் மூன்று மாடி இறங்கும்.

ஒற்றைத் தடியோடு பழகும்போது தடி பிடிக்காத கையை உயிர்க்கை என்பார்கள். தடி எதிராளியின் அடியைச் சந்திக்கிறது. உயிர்க்கை உடனே அவருடைய மணிக்கட்டையோ முன்கையையோ தொட்டு அடக்குகிறது. அதன் பிறகே உங்கள் தடி திருப்பி அடிக்கிறது. செபு நகரில் வெனான்சியோ பேக்கன் தொடங்கிய பாலிந்தவாக் முறை ஒற்றைத் தடியையும் இந்தக் கையையும் நம்பியே வளர்ந்தது. தடுப்பில் முதலில் பழக வேண்டியது குடைத் தடுப்பு: கையை நெற்றிக்கு மேல் உயர்த்தி, தடியின் நுனி உங்கள் தோளுக்கு வெளியே சரிந்து கீழ்நோக்கியிருக்க வேண்டும். ஒக்டோபர் மழையில் குடையைச் சரித்துப் பிடித்தால் தண்ணீர் ஓரமாக வழிந்தோடுவது போல, விழும் அடி தடியின் மேல் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும். தடியைப் படுக்கையாகப் பிடித்தால் அடியின் பாரம் முழுவதும் மணிக்கட்டில்தான் இறங்கும்.

முன்பு பயிற்சியிலேயே கையை அடிப்பது வழக்கமாயிருந்தது. காயமடைந்து பலர் விலகிப் போனதால் தடியைத் தடியால் சந்திக்கும் முறையைப் பிரேசாஸ் முன்னிறுத்தினார். அதன் அருமை எனக்குத் தெரிய வந்தது முதல் மாதத்தில். கையுறை எதற்கு என்று வீறாப்பாக நின்றேன். மச்சானின் மூன்றாம் அடி என் நடுவிரல் மொழியில் விழுந்தது. பத்து நாள் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன். ஆனால் அந்த அடியில் ஒரு பாடமும் இருந்தது: நீள இடைவெளியில் எதிராளியின் தலையை எட்டத் தேவையில்லை, ஆயுதம் பிடித்த கையை எட்டினாலே போதும். பல் பிடுங்கிய பாம்பு என்று நாம் சொல்வதையே ஆர்னிஸ் பழகுவோரும் சொல்கிறார்கள். ஆகவே ஜோடியாகப் பழகும்போது கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். தலைக்கவசம் இல்லாமல் தலை, கழுத்து இலக்குகளைத் தொடவே கூடாது.

தனியாக வலிமை ஏற்றப் பழைய டயர் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு அடிக்கலாம். கொழும்பில் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: டயருக்குள் மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும், சுகாதாரப் பரிசோதகரும் வந்து நிற்பார். அடிப்பக்கத்தில் நாலைந்து துளைகள் போட்டுத்தான் தொங்கவிட வேண்டும். கத்திப் பயிற்சிக்கு ரப்பர் அல்லது மரக் கத்தி போதும், உண்மைக் கத்தியைத் தொடக்கத்தில் நினைக்கவே வேண்டாம். தடிகளைப் பஸ்ஸில் கொண்டுபோகும்போது பையில் கட்டி மூடிக் கொண்டுபோங்கள்; காலிமுகத்திடலில் பட்டம் விடும் பிள்ளைகளுக்கு நடுவே வீசிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மூன்றாம் மாதத்தில் சினாவாலி சிந்திக்காமல் வரும். அப்போது இரண்டு பிரம்புகளையும் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு, அதே ஆறு வீச்சுகளை வெறுங்கையால் மெதுவாகச் செய்து பாருங்கள். எதிரே நிற்பவர் உங்கள் முகத்துக்கு மெதுவாக ஒரு குத்து விடட்டும். முதல் கை அதை ஓரமாகத் தள்ளும், அக்குளுக்குக் கீழிருந்து வரும் இரண்டாவது கை அவருடைய முழங்கையைப் பிடிக்கும், மூன்றாவது வீச்சு புறங்கையாக அவர் தாடைக்கு அருகில் போய் நிற்கும்.