நாய்ப் படம் வரைந்து கண்காட்சிக்குக் கொடுக்கப் போகிறீர்களா?

எங்கள் மணி சுத்தக் கருப்பு நாட்டு நாய். முதல் தடவை அதை பேஸ்டலில் (தூளாக உதிரும் வண்ணக்குச்சி) வரைந்து ஊரில் நடந்த ஓவியக் கண்காட்சிக்குக் கொடுத்தபோது வீட்டில் எல்லோரும் "அப்படியே மணிதான்" என்றார்கள். கண்காட்சிக்கு வந்த ஒருவர் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இது கரடிக் குட்டியா?" என்று கேட்டார். வீட்டு ஆட்களுக்கு மடிந்த காது ஒன்று போதும், மணி என்று கண்டுகொள்வார்கள். வெளியாளுக்கு அந்தச் சலுகை கிடையாது, காகிதத்தில் இருப்பதுதான் அவருக்கு நாய். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கரடிக்குப் பிறகு கற்றுக்கொண்டது.

படி 1: விதிமுறையைப் படியுங்கள்

வரைவதற்கு முன்பே. முக்கியமாக அளவு. அவர்கள் சொல்லும் அளவு படத்துக்கா, பிரேமோடு சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள். ஏ3 தாள் 29.7-க்கு 42 செ.மீ.; சுற்றிலும் இரண்டு அங்குல மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டைச் சட்டம்) வைத்து பிரேமும் போட்டால் அது 44-க்கு 56 பக்கம் போய் நிற்கும். இன்னொன்று, இணையத்தில் கிடைத்த நாய்ப் படத்தைப் பார்த்து வரையாதீர்கள். புகைப்படத்துக்கும் பதிப்புரிமை உண்டு, அது எடுத்தவருடையது.

படி 2: போட்டோ

நின்றபடியே குனிந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குச்சியாகவும் வரும். தரையில் உட்காருங்கள், கேமரா நாயின் கண் மட்டத்துக்கு வரட்டும். போனை மூஞ்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு வீங்கிவிடும், அதனால் நாலடி தள்ளி இருந்து 2எக்ஸ் ஜூமில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், கண் பச்சையாக ஒளிரும். திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ காலை வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுந்தால் போதும். கருப்பு நாய் என்றால் திரையில் அதன் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் ரோமமெல்லாம் ஒரே இருட்டாகிவிடும். என் கரடி பிறந்தது அங்கேதான்.

படி 3: கட்டம் போட்டு வரைதல்

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போட்டோவை ஏ4-இல் அச்செடுத்து 2 செ.மீ. கட்டம் போடுங்கள், ஏ3 தாளில் அதே கட்டம் 2.8 செ.மீ. கோடு லேசாக இருக்கட்டும். அழுத்திப் போட்ட பென்சில் கோடு பேஸ்டலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

படி 4: வண்ணம்

கண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். கண் சரியாக வரவில்லையென்றால் அரை மணி நேரத்தோடு போகட்டும் என்று வேறு தாளை எடுத்துவிடலாம். கண்ணில் ஒளி விழும் புள்ளியை ஆரம்பத்திலேயே குறித்து வைத்து, கடைசிவரை அதைத் தொடாதீர்கள்.

ரோமத்துக்கு முன் ஒரு வேலை: போட்டோவின் மேல் பேனாவால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள், ரோமம் எங்கே எந்தத் திசையில் படுகிறது என்று. மூக்கிலிருந்து நெற்றிக்கு மேல்நோக்கி, கன்னத்தில் பின்னோக்கி, கழுத்தில் கீழ்நோக்கி. அந்தத் திசையிலேயே சின்னச் சின்னக் கோடுகளாகப் போடுங்கள். கருப்பு நாய்க்குக் கருப்புப் பென்சிலைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். முதலில் கருநீலம், அதன்மேல் அடர்பழுப்பு, நிழல் ஆழமாக விழும் இடத்தில் மட்டும் கருப்பு. முதுகில் வானத்தின் வெளிச்சம் பட்டு மினுங்கும் இடம் உண்மையிலேயே நீலமாகத்தான் இருக்கும், மணியை வெயிலில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் நானே நம்பினேன்.

வெள்ளை நாய் என்றால் சாம்பல் அல்லது பழுப்புத் தாள் வாங்குங்கள், வெள்ளைத் தாளில் அது காணாமல் போகும். ராஜபாளையம் வரைபவர்கள் கவனிக்க: 2005-இல் தபால்தலையிலேயே வந்த நாய் அது, மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும். பழக்கதோஷத்தில் கருப்பு பூசினால் நாய் வளர்ப்பவர்கள் அங்கேயே பிடித்துவிடுவார்கள்.

மீசை ரோமத்துக்குக் கலர் பென்சில்காரர்கள் மை தீர்ந்த ரீஃபிலால் முதலிலேயே தாளில் அழுத்திக் கோடு கீறிவிடுங்கள். மேலே வண்ணம் தேய்க்கும்போது அந்தப் பள்ளத்தில் நிறம் ஏறாது, மீசை வெள்ளையாக நிற்கும். பேஸ்டலில் கூராகச் சீவிய வெள்ளைப் பென்சிலால் கடைசியாக ஒரே இழுப்பு.

படி 5: பிரேம்

இங்கேதான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். பிரேம் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் சாமி படமும் கல்யாண போட்டோவும். கண்ணாடியைப் படத்தின் மேலேயே பதித்து ஆணி அடித்துவிடுவார்கள். என் படத்தையும் அப்படியே செய்துவிட்டார் கடைக்காரர். கண்ணாடியைக் கழற்றினால் மணியின் இடது காதில் பாதி கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நான்தான் சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுண்ட் போர்டு கட்டாயம் வேண்டும் என்று சொல்லுங்கள், ஒரு துண்டுத் தாளில் எழுதியே கொடுங்கள். அக்ரிலிக் ஷீட் லேசாக இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள், துடைத்தால் அதில் நிலைமின்சாரம் ஏறி பேஸ்டல் தூளை இழுக்கும். பேஸ்டல் தூள் உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸட்டிவ் ஸ்பிரே அடித்தால் நிறம் கொஞ்சம் மங்கும், முதலில் கழிவுத் தாளில் அடித்துப் பாருங்கள். பின்பக்கம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கி இரண்டு வளையம், நடுவில் கம்பி. சாமி படத்துக்கு மாட்டும் ஒற்றை வளையத்தில் பெரிய படம் சாய்ந்துகொண்டே இருக்கும்.

படி 6: தலைப்பு, விலை, ஒப்படைப்பு

"என் செல்ல மணி" என்று வைக்காதீர்கள். இரண்டாவது தடவை நான் "சோற்றுக்குக் காத்திருப்பவன்" என்று வைத்தேன், நின்று பார்த்தவர்கள் தட்டு எங்கே என்று தேடினார்கள். விலையில் பிரேம் செலவையும் அமைப்பாளர் பிடித்தம் உண்டா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் "விற்பனைக்கு அல்ல" என்று எழுதிவிடலாம், எங்கள் அம்மா பேனாவைப் பிடுங்கி எழுதியது அதைத்தான். படத்தின் பின்னால் பெயர், தலைப்பு, ஊடகம் (பேஸ்டலா, கலர் பென்சிலா என்று), அளவு எழுதி ஒட்டுங்கள். கண்ணாடியின் மேல் பெருக்கல் குறி மாதிரி மாஸ்கிங் டேப் ஒட்டி, குமிழித் தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். திரும்ப எடுக்கும் தேதியையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் போர்த்திக்கொண்டு வர ஒரு தார்ப்பாயும் இருக்கட்டும்.